ஜப்பானியரின் அப்பாவழிப் பாட்டன் யார்?

இணையத்தில் ஒரு வரைபடம் சுற்றிக்கொண்டிருக்கிறது. இரண்டு பேர் என்னையும் கோத்துவிட்டிருந்தார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பும் ஒரு சிவப்பு அம்பு அந்தமானைத் தொட்டு, வளைந்து போய் ஜப்பானில் குத்தி நிற்கிறது. கீழே, ‘ஜப்பானியரின் தந்தைவழி மூலம் அந்தமான்’ என்று ஒரு வரி. பின்னூட்டத்தில் ஒரு நண்பர், ‘அப்படியானால் நம்ம வங்கக் கடல் வழியாகத்தானே போயிருக்கிறார்கள்?’ என்று கேட்டிருந்தார். அதற்குத்தான் நிறைய இதயங்கள்.

அந்த அம்பு முழுப் பொய்யாக இருந்திருந்தால் நான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியதில்லை. கால்வாசி உண்மை அதில் இருக்கிறது.

முதலில் ஒய் குரோமோசோம். இது அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போவது. மற்ற குரோமோசோம்கள் எல்லாம் தலைமுறைக்குத் தலைமுறை சீட்டுக்கட்டு போலக் கலைந்து வரும். இது பெரும்பகுதி கலையாமல் பிரதியாகிறது. ஏட்டைப் பார்த்து ஏடு எழுதியவர் ஓரிடத்தில் ஓரெழுத்தைத் தவறாக எழுதினால், அவர் பிரதியைப் பார்த்து எழுதிய எல்லோரிடமும் அந்தத் தவறு இருக்கும் அல்லவா? பாடபேதங்களை ஒப்பிட்டு எந்தச் சுவடி எதன் வழி வந்தது என்று பதிப்பாசிரியர்கள் கண்டுபிடிப்பார்களே, அதே வேலைதான் இங்கேயும். இரண்டு ஆண்களிடம் ஒரே பிழை இருந்தால் இருவருக்கும் பொதுவாக ஒரு பாட்டன் இருந்திருக்கிறான். அப்படிப் பிரியும் கிளைகளுக்கு ஆய்வாளர்கள் ஆங்கில எழுத்துகளைப் பெயராக வைத்திருக்கிறார்கள்.

இன்றைய ஜப்பானிய ஆண்களில் ஏறத்தாழ 35 சதவீதம் பேர் ‘டி’ கிளை. 30 சதவீதத்தை ஒட்டி ‘ஓ’ கிளையின் ஒரு பிரிவு. இது கொரியாவிலும் அதே அளவுக்கு இருக்கிறது. சீனாவில் மிகப் பரவலான ‘ஓ’வின் இன்னொரு பிரிவு 20 சதவீதம் போல. மீதியில் ‘சி’ கிளையின் ஒரு சிறு பிரிவு கவனிக்க வேண்டியது. 5 சதவீதம்தான், ஆனால் ஜப்பானுக்கு வெளியே அதைக் காண்பது அபூர்வம்.

வியப்பூட்டுவது ‘டி’தான். பக்கத்துக் கொரியாவிலும் சீனாவிலும் அது மிகக் குறைவு. அது செழித்திருக்கும் மற்ற இடங்கள் திபெத்தும் அந்தமானும். அந்தமானின் ஓங்கே, ஜாரவா மக்களிடம் சோதித்த ஆண்கள் அத்தனை பேரும் ‘டி’. அதோடு, ‘டி’ மரத்தில் ஜப்பானியக் கிளைக்குத் திபெத்தியக் கிளையைவிட அந்தமான் கிளையே நெருக்கம். வரைபடம் போட்டவர் இதுவரை சரி.

ஆனால் அந்தமான் கிளையும் ஜப்பான் கிளையும் பிரிந்து ஏறத்தாழ 50,000 ஆண்டுகள் ஆகின்றன. ஒன்றிலிருந்து ஒன்று வரவில்லை. இரண்டும் ஒரே பாட்டனின் பேரன்கள். பெரியப்பா மகனைக் காட்டி ‘இவர்தான் என் தாத்தா’ என்று யாராவது சொன்னால் சிரிப்போமா மாட்டோமா? அந்தப் பொதுப் பாட்டன் ஆசியாவின் நிலப்பரப்பில் எங்கோ வாழ்ந்திருக்க வேண்டும். பிற்பாடு பெருகிய வேறு கிளைகள் நடுப்பகுதியை நிறைத்துவிட, பழையது மலை உச்சியிலும் தீவுகளிலுமாக ஓரங்களில் மிஞ்சியது. அம்பு போட வேண்டுமானால் நடுவிலிருந்து மூன்று அம்பு போட வேண்டும்.

இந்த இடத்தில் நம்மவர்களுக்கு ஓனோ சுசுமு நினைவுக்கு வருவார். தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டு என்று பல்லாண்டு வாதிட்ட ஜப்பானிய மொழியறிஞர். நம் பக்கத்தில் தமிழறிஞர் பொற்கோவும், யாழ்ப்பாணத்தில் சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் இணையரும் அவரோடு சேர்ந்து உழைத்தார்கள். நெல்லும் இரும்பும் அவற்றோடு சொற்களும் தமிழ் நிலத்திலிருந்து கடல் வழியே போயின என்பது ஓனோவின் வாதம். ஜனவரி நடுவில் ஜப்பானின் சில ஊர்களில் நடக்கும் சடங்கில் ‘ஹொங்கர’ என்று கூவுவதைப் பொங்கலோடு சேர்த்துப் பார்த்தவர் அவர். படிக்க எனக்கும் இனிக்கத்தான் செய்கிறது. ஜப்பானிய மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. தந்தைவழி மரபணுவும் கைகொடுக்கவில்லை. தமிழ் ஆண்களிடம் பரவலான ‘எச்’, ‘எல்’, ‘ஆர்2’ கிளைகளை ஜப்பானியரிடம் தேடினால் கிட்டத்தட்ட வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். ஆளே போகாமல் சொல் போகலாம் என்று வாதிடலாம். ஆனால் அப்படி வாதிடுகிறவர் அப்புறம் டிஎன்ஏவைச் சாட்சிக்குக் கூப்பிடக் கூடாது. அந்தமானைக் காட்டித் தமிழரை நுழைப்பதோ அதைவிட மோசம். ஓங்கே மக்கள் தமிழரின் கிளை இல்லை. அவர்கள் அவர்கள்தான்.

சரி, ஜப்பானுக்குப் போவோம்.

அங்கே மனிதர் நடமாட்டம் ஏறத்தாழ 38,000 ஆண்டுகளாக இருக்கிறது. கோசுஷிமா என்ற சிறு தீவில் கிடைக்கும் எரிமலைக் கண்ணாடிக்கல்லை அந்தக் காலத்திலேயே கடல் கடந்து எடுத்துவந்து கருவி செய்திருக்கிறார்கள். அப்புறம் 16,000 ஆண்டுகளுக்கு முன்பே பானை! வேளாண்மை வருவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் முன்னால். 1877-ல் எட்வர்ட் மோர்ஸ் என்ற அமெரிக்க விலங்கியலாளர், கடல் உயிர்களை ஆராய வந்தவர், ரயில் ஜன்னல் வழியாக ஓமோரி என்ற இடத்தில் ஒரு சிப்பிக் குவியலைப் பார்த்தார். போய்த் தோண்டினால் கயிற்றை அழுத்திக் கோலம் போட்ட பானை ஓடுகள். ‘ஜோமோன்’ என்றால் கயிற்றுத் தடம் என்றே பொருள். வேட்டை, மீன்பிடி, கொட்டைகள் என்று பதினாயிரம் ஆண்டுக்கு மேல் வாழ்ந்த அந்த மக்களுக்கு அதுவே பெயராகிவிட்டது. ஜப்பானின் அமில மண் எலும்பைக் கரைத்துவிடும். சிப்பிக் குவியலின் சுண்ணாம்புதான் பல எலும்புகளைக் காப்பாற்றித் தந்தது.

ஜப்பானின் வடகோடிப் பெருந்தீவான ஹொக்கைடோவை அடுத்த ரெபுன் தீவில் கிடைத்த 3,800 ஆண்டுப் பழமையான எலும்புகளிலிருந்து 2019-ல் மரபணுவைப் படித்தார்கள். ஒரு பெண்ணுடையது மிக நுணுக்கமாகக் கிடைத்தது. கொழுப்பு மிகுந்த உணவுக்கு ஏற்ற ஒரு மாற்றம் அவளிடம் இருந்தது. கடல்விலங்கு உண்டு வாழ்ந்த ஊர் ஆயிற்றே. கூட இருந்த ஆணின் ஒய் குரோமோசோம் ‘டி’. ‘சி’யின் அந்த அபூர்வப் பிரிவும் ஜோமோன் காலத்தையே சேர்ந்தது என்று கருதுகிறார்கள். ஆகவே ‘டி’ என்றால் ஜோமோன், ஜோமோன் என்றால் ‘டி’ என்று சமன்பாடு எழுத முடியாது.

பிறகு நெல் வந்தது. கொரியத் தீபகற்பத்திலிருந்து, ஜப்பானின் தென்மேற்குத் தீவான கியூஷூவின் வடகரைக்கு, வயலும் வாய்க்காலுமாக. இது கி.மு. 300 வாக்கில் என்றுதான் பாடப்புத்தகங்கள் நெடுநாள் சொல்லிவந்தன. 2003-ல் ஜப்பானின் தேசிய வரலாற்று அருங்காட்சியகம் கார்பன் கணக்கை வைத்து அதைக் கி.மு. 10ஆம் நூற்றாண்டை ஒட்டித் தள்ளியது. பெரிய சண்டையும் நடந்தது. யாயோய் காலம் என்பது இது. நெல்லோடு வந்த ஆண்களின் முத்திரைதான் கொரியாவோடு பொதுவாக உள்ள அந்த ‘ஓ’ பிரிவு. 2021-ல் பழைய மரபணுக்களை வைத்து வந்த ஓர் ஆய்வு, கி.பி. 3 முதல் 7ஆம் நூற்றாண்டு வரையிலான கோஃபுன் காலத்தில் கண்டத்திலிருந்து இன்னொரு அலை வந்ததாகச் சொல்கிறது.

என்னை உட்காரவைத்த கணக்கு இனிமேல்தான். 2024-ல் வெளியான, 3,256 ஜப்பானியரின் முழு மரபணுவைப் படித்த ஆய்வில் ஜோமோன் பங்கு தென்கோடி ஒகினாவா தீவுகளில் 28.5 சதவீதம், வடகிழக்கில் 18.9, மேற்கு ஜப்பானில் 13.4. முழு மரபணுவில் ஜோமோன் பங்கு ஆறில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். தந்தைவழியில் மட்டும் அது எப்படி மூன்றில் ஒன்றுக்கு மேல்? தாய்வழியைப் பார்த்தால் ஜோமோன் என்று சொல்லத்தக்க கிளைகள் 10 சதவீதத்தை ஒட்டித்தான்.

உலகத்தில் வேறு பல இடங்களில் இது தலைகீழாக நடந்திருக்கிறது. புதியவர்கள் வந்த அந்த இடங்களில் பழைய ஆண்களின் கிளைதான் முதலில் அறுபடும். பெண்களின் கிளை மிஞ்சும். ஸ்பெயினில் வெண்கலக் காலத்தில் பழைய தந்தைவழி ஏறக்குறைய முழுவதுமே துடைக்கப்பட்டது. அது எப்படி நடந்திருக்கும் என்று விவரிக்கத் தேவையில்லை. ஜப்பானிலோ வேட்டையாடிகளின் மகன்கள், அவர்களின் மகன்கள் என்று தொடர்ந்து வந்திருக்கிறார்கள். தொத்தோரி மாநிலத்தின் அவோயா கமிஜிச்சி என்ற சதுப்பு நிலத்தில் கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் கிடைத்தன. சிலவற்றில் வெட்டுக்காயம், மூன்று மண்டையோட்டுக்குள் மூளைகூட மிஞ்சியிருந்தது. அவர்களின் தாய்வழி பெரும்பாலும் கண்டத்திலிருந்து வந்தவர்களுடையது. தந்தைவழி பார்க்க முடிந்த சிலரிடமோ பெரும்பாலும் ஜோமோன் கிளைகள்.

ஆகவே ‘நெல்லோடு வந்தவர்கள் பழங்குடிகளை அடித்துத் துரத்தினார்கள்’ என்ற ஒற்றை வரிக் கதையை நான் நம்பவில்லை. வெட்டுக்காயம் இருக்கிறது, சண்டை இல்லாமல் இல்லை. ஆனால் வயலில் இறங்கிய ஜோமோன் ஆண்களும், அவர்கள் வீட்டுக்கு வாழப்போன புதுக்குடிப் பெண்களும் கணிசமாக இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். இன்னொரு சாத்தியமும் உண்டு. ஒரு சில ‘டி’ குடும்பங்கள் பிற்காலத்தில் செல்வாக்குப் பெற்று, ஆண்பிள்ளைகளாகப் பெருகியிருக்கலாம். ஒய் குரோமோசோமுக்கு அந்தக் குணம் உண்டு. ஒருவனுக்கு ஐந்தும் மகள் என்றால் அவன் தந்தைவழித் தொடர் அங்கேயே முடிந்தது, அவனுக்கு இருபது பேரப்பிள்ளைகள் இருந்தாலும்.

இந்தத் தந்தைவழித் தொடரைத்தான் சிலர் தூக்கிப் பிடிக்கிறார்கள். 2005 வாக்கில் ஜப்பானில் பெண் அரியணை ஏறலாமா என்ற விவாதம் நடந்தபோது, முதல் பேரரசர் ஜிம்முவின் ஒய் குரோமோசோம் அறுந்துவிடும், ஆகவே கூடாது என்று பழமைவாதிகள் சிலர் மேடையில் பேசினார்கள். ஜிம்மு தொன்மக் கதையின் நாயகர். அவர் எலும்பை யாரும் பார்த்ததில்லை. 2006 செப்டம்பரில் இளவரசர் ஹிசாஹிதோ பிறந்தார். 41 ஆண்டுகளில் அந்த வீட்டில் பிறந்த முதல் ஆண் குழந்தை. விவாதம் அப்போதைக்கு அடங்கிப்போனது.

இதே அரச வீட்டில்தான், 2001-ல் பேரரசர் அகிஹிதோ தம் பிறந்தநாள் பேட்டியில் கொரியாவோடு தமக்கு ஓர் உறவு உணர்வு உண்டு என்றார். 8ஆம் நூற்றாண்டில் அரியணை ஏறிய பேரரசர் கம்முவின் தாய், கொரியாவின் பேக்ஜே நாட்டு முர்யோங் அரசரின் வழிவந்தவர் என்று பழைய ஜப்பானிய வரலாற்று ஏடே சொல்கிறது. தாய் வழியாக வந்த உறவு. எத்தனை முறை ஒய் குரோமோசோமைச் சோதித்தாலும் அந்த அம்மாவைக் கண்டுபிடிக்க முடியாது. 20 தலைமுறை பின்னால் போனால் ஒருவருக்கு மூதாதையர் இடங்கள் பத்து லட்சத்துக்கு மேல். ஒய் காட்டுவது அதில் ஒரே ஓர் ஆளை.

ஹொக்கைடோவின் பூர்வகுடிகளான ஐனு மக்களைப் பற்றி ஒரு வார்த்தை. ‘ஐனு ஆண்களில் 87.5 சதவீதம் டி’ என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். தசமப் புள்ளியைப் பார்த்து மலைத்துவிடாதீர்கள். 2004-ல் சோதித்தது 16 பேரை. அதில் 14 பேர். அவ்வளவுதான். ஜோமோன் வழி மிக அதிகமாகத் தொடரும் மக்கள் அவர்கள் என்பதில் ஐயமில்லை, முழு மரபணுவும் அதையே சொல்கிறது. ஆனால் ‘நாங்கள் ஜோமோன் வாரிசுகள்’ என்று பெருமை பேசும் அதே நாட்டில், ஐனுவைப் பூர்வகுடி என்று சட்டத்தில் எழுத 2019 வரை ஆயிற்று.

ஆராய்ச்சி என்ற பெயரில் ஐனு கல்லறைகளைத் தோண்டி எடுத்த எலும்புகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோருடையவை, ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் இருந்தன. திருப்பிக் கொடுங்கள் என்று 2012-ல் வழக்குப் போட்டார்கள். முறைப்படி வழிபாட்டு உரிமை பெற்ற வாரிசு யார் என்று காட்டினால் தருகிறோம் என்பது பல்கலைக்கழகத்தின் நிலைப்பாடு. இவர்கள் எங்கள் ஊர்ப் பெரியவர்கள், ஊருக்கே கொடுங்கள் என்றார்கள் ஐனுக்கள். 2016-ல் சமரசம் ஏற்பட்டு, அந்த ஜூலையில் 12 பேரின் எலும்புகள் அவர்கள் ஊரான உரகாவாவுக்குத் திரும்பின. யார் எந்தக் கிளை என்று யாரும் கேட்கவில்லை. ஊர் கூடி, தங்கள் முறைப்படி புதைத்தார்கள்.