புல்வெளி இலவசமாகவே இருக்கட்டும், ஆனால் லொகேஷன் கேட்காதீர்கள்

கோடை விடுமுறை நெருங்கிவிட்டது. இங்கே அமெரிக்காவில் நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் வழக்கமான கேள்வி ஆரம்பித்துவிட்டது: "பேட்லேண்ட்ஸ் பக்கம் ஃப்ரீயா டென்ட் போட நல்ல இடம் இருந்தா லொகேஷன் அனுப்புங்க ப்ரோ." (பேட்லேண்ட்ஸ் என்பது தெற்கு டகோட்டா மாநிலத்தில் உள்ள தேசியப் பூங்கா.) நான் அனுப்புவதில்லை. கஞ்சன், தலைக்கனம் என்று பேச்சு கிளம்பிவிட்டதால் காரணத்தை எழுதிவிடுகிறேன்.

புதிதாக வந்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. இந்த நாட்டில் நேஷனல் கிராஸ்லேண்ட் என்ற பெயரில் 20 புல்வெளிகள் உண்டு. எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 38 லட்சம் ஏக்கர், மத்திய அரசின் வனத்துறை பார்த்துக்கொள்கிறது. பெரும்பாலான இடங்களில் முன்பதிவு வேண்டாம், கட்டணம் கிடையாது, பொதுவாக 14 நாள் வரை தங்கலாம். தண்ணீர், கழிப்பறை, குப்பைத்தொட்டி எதையும் எதிர்பார்க்கக் கூடாது. கொண்டுபோனதை எல்லாம் திரும்பக் கொண்டுவர வேண்டும். தெற்கு டகோட்டாவின் பஃபலோ கேப், கொலராடோவின் பாவ்னீ, டல்லாஸ்காரர்களுக்கு டிகேட்டர் பக்கத்து எல்.பி.ஜே. எல்லாம் இந்த வகைதான். தனியார் கேம்ப்கிரவுண்டில் ஓர் இரவுக்கு 40, 50 டாலர் கேட்கும் காலத்தில் இது பெரிய விஷயம், மறுக்கவில்லை.

ஆனால் இந்த நிலம் அரசின் கைக்கு வந்த கதை நம்மில் பலருக்குத் தெரியாது. புல்லைப் புரட்டிப்போட்டுக் கோதுமை விதைத்த மண் இது. 1930களில் மழை பொய்த்ததும் பிடித்து வைக்க வேர் இல்லாமல் மேல்மண் புழுதியாகப் பறந்தது. 1935 ஏப்ரல் 14-ஐ இன்றும் கருப்பு ஞாயிறு என்றுதான் சொல்கிறார்கள். நொடித்துப்போன பண்ணைகளை அரசே விலைக்கு வாங்கி, மறுபடி புல் பிடிக்க வைத்தது. 1954-ல் வனத்துறையிடம் வந்தது, 1960-ல் இப்போதைய பெயர் கிடைத்தது. அதற்கும் முன்னால் போனால் கதை இன்னும் கசப்பு. பஃபலோ கேப் இருக்கும் தெற்கு டகோட்டாவின் மேற்குப் பகுதி முழுவதையும் 1868 உடன்படிக்கையில் லகோட்டா பழங்குடி மக்களுக்கென்று எழுதிக்கொடுத்துவிட்டு, பிறகு துண்டு துண்டாகப் பிடுங்கிக்கொண்டார்கள். நமக்கு இலவசமாகக் கிடைக்கும் இடத்துக்கு வேறு யாரோ விலை கொடுத்திருக்கிறார்கள்.

சரி, சிக்கலுக்கு வருவோம். பஃபலோ கேப் மட்டுமே சுமார் 6 லட்சம் ஏக்கர். ஆனால் வால் (Wall) என்ற ஊரிலிருந்து பேட்லேண்ட்ஸ் பூங்காவின் பினகிள்ஸ் வாசலுக்குப் போகும் வழியில், பள்ளத்தாக்கை எட்டிப் பார்க்கும் ஒரு மேட்டு விளிம்பில்தான் அத்தனை பேரும் நிற்கிறார்கள். ஏன்? கேம்ப் இடம் தேடும் ஆப்பில் முதலில் வரும் இடம் அதுதான். ஜூலையில் அங்கே போய்ப் பாருங்கள். ஆர்.வி. எனும் வீட்டு வண்டிகள் வரிசை கட்டி நிற்கும், ஜெனரேட்டர் ஓடும், புல்லின் அடித்தண்டில் டிஷ்யூ பேப்பர் சிக்கிக்கொண்டு காற்றில் படபடக்கும். மலம் கழிக்க 6 முதல் 8 அங்குலம் குழி தோண்டி மூடு, நீர்நிலையிலிருந்து 200 அடி தள்ளிப் போ என்பது விதி. தனியாக ஒரு குடும்பம் எங்கோ ஒதுங்கினால் அந்த விதி போதும். ஒரே மேட்டில் ஊரே கூடிவிட்டால் தோண்டுவதற்கு இடம் ஏது?

இதைப் பார்த்துவிட்டு "பேசாம கட்டணம் வெச்சிடலாம்" என்கிறார்கள் சிலர். எனக்கு உடன்பாடில்லை. கட்டணம் வந்தால் கூடவே எண் போட்ட இடங்கள், முன்பதிவு, சரளைக்கல் கொட்டிய தளம் எல்லாம் வரும். அதெல்லாம் வேண்டுபவர்களுக்கு ஏற்கெனவே நிறைய கேம்ப்கிரவுண்ட் இருக்கிறது. கூட்டம் ஒரே இடத்தில் குவிவதுதான் இங்கே நோய். அதற்கு மருந்து, தேடிப் போகும் உழைப்பைக் கொஞ்சம் மிச்சம் வைப்பது. வண்டி எந்தத் தடத்தில் போகலாம் என்று காட்டும் வரைபடத்தை வனத்துறையே இலவசமாகத் தருகிறது. அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டால் தீத் தடை இருக்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளலாம். லொகேஷன் கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன், பாதிப் பேர் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நல்லதுதான்.

போகிறவர்களுக்கு இன்னும் சில. முள்கம்பி வேலிக் கதவு திறந்திருந்தால் திறந்தே விடுங்கள், மூடியிருந்தால் மூடிவிட்டுப் போங்கள். இது மேய்ச்சல் நிலம், மாடு இன்னொருவருடையது. மழை வரும் என்றால் மண் தடத்தில் இறங்காதீர்கள். அந்தக் களிமண்ணை அங்கே கம்போ என்பார்கள். நாலு அடி நடப்பதற்குள் செருப்பு இட்லிச் சட்டி கனம் கனக்கும், டயரின் பள்ளமெல்லாம் அடைத்துக்கொண்டு நான்கு சக்கர இயக்க வண்டியும் வழுக்கும். பிரெய்ரி டாக் (அணில் இனத்து விலங்கு) வளைகள் இருக்கும் இடத்தில் டென்ட் வேண்டாம். அழிந்தேபோனதாக நினைத்த, கீரி போன்ற கருங்கால் ஃபெரட்டை 1990களில் பஃபலோ கேப்பின் கொனாட்டா படுகையில் திரும்ப விட்டதே அந்த வளைகளை நம்பித்தான். அப்புறம், பிரியாணி அண்டாவும் புளூடூத் ஸ்பீக்கரும் பிறந்தநாள் விழாவுக்கு எடுத்து வையுங்கள்.

குழந்தைகளோடு முதல்முறை போகிறவர்களுக்கு நான் புல்வெளியைச் சொல்வதில்லை, ஏரிக்கரையைச் சொல்கிறேன். மிசௌரி ஆற்றில் ராணுவப் பொறியாளர் படை கட்டிய அணைகளின் நீர்த்தேக்கங்களில், உதாரணத்துக்கு ஓவாஹீ ஏரியில், கட்டணமில்லாத எளிய கேம்ப் இடங்கள் உண்டு. படகுத்துறையை ஒட்டி ஒரு கழிப்பறையாவது பெரும்பாலும் இருக்கும். (இந்த ஏரியும் ஸ்டாண்டிங் ராக், செயன் ரிவர் பழங்குடி மக்களின் ஆற்றங்கரை நிலத்தை மூழ்கடித்து உருவானதுதான்.) மரம் குறைவு, காற்று அதிகம். டென்ட் முளைகளை வீட்டிலிருந்தே நீளமானதாக வாங்கிப் போங்கள், பெட்டியோடு வரும் குச்சி முளை அந்தக் காற்றுக்கு ஒரு மணி நேரம் தாங்காது.