குன்னூர், கோத்தகிரி பக்கம் சுற்றும் 'டை' செய்தி: உண்மை என்ன?

“துப்பாக்கி லைசென்ஸ் இருந்தால் போதும், டை வாங்கி வீட்டிலேயே தோட்டா நிரப்பலாம்; கழுத்து டை எந்த ரைஃபிளுக்கும் குறி தப்பாது” என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இரண்டுமே தவறு. (இங்கே டை என்பது, சுட்ட தோட்டாவின் காலிக் கூட்டை மறுபடி நிரப்புவதற்காக இறுக்கி அளவுக்குக் கொண்டுவரும் உலோக அச்சு; கழுத்து டை அதில் ஒரு வகை.)

வைத்திருக்கும் லைசென்ஸ் வேறு, தயாரிக்கும் லைசென்ஸ் வேறு. 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு தயாரிப்புக்குத் தனி உரிமம் கேட்கிறது. தோட்டா தயாரிக்கும் இயந்திரத்தையும் அதே சட்டம் தோட்டாக் கணக்கிலேயே சேர்க்கிறது. ஆக, டை பார்சல் வந்து இறங்கினாலே வம்புதான். பக்கத்திலேயே அருவங்காடு வெடிமருந்து ஆலை இருக்கிறதே என்றால் சட்டம் தளராது!

அப்புறம் அந்தக் கழுத்து டை. சுட்டதும் தோட்டாவின் பித்தளைக் கூடு, அந்த ரைஃபிளில் தோட்டா உட்காரும் அறையின் அளவுக்கு உப்பிவிடும். கழுத்து டை வாய்ப்பக்கத்தை மட்டும் இறுக்கும், உடம்பு உப்பியபடியே இருக்கும். இன்னொரு ரைஃபிளில் அதைப் போட்டால் அறையை அடைக்கும் போல்ட்டே மூடாமல் போகலாம்.