ஏர் ஃபில்டரைப் பார்த்துவிட்டு ஏசிக்கு வாரண்டி இல்லை என்கிறார்கள்

இன்ஜினுக்குப் போகிற காற்றை வடிகட்டுகிற ஏர் ஃபில்டருக்கும், ஏசி கேஸின் சூட்டை வெளியேற்றுகிற கண்டென்சருக்கும் என்ன சம்பந்தம்? தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். நேற்று முழுக்கக் கேட்டுப் பார்த்துவிட்டேன், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நான் கேட்டது ரோட்டோர ஷெட்டில் இல்லை. கம்பெனி போர்டு மாட்டி, சட்டையில் பேட்ஜ் குத்தி, மணிக்கு இவ்வளவு என்று லேபர் சார்ஜ் போடுகிற சர்வீஸ் சென்டரில்.

டர்போ பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு, இன்ஜினின் திறனை இன்னும் கொஞ்சம் கூட்டிப் பார்க்கிற ஆசையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இந்தப் பக்கம் ஓட்டுகிறவர்களுக்கு அது வெறும் ஆசையும் இல்லை. மதுரையிலிருந்து பரமக்குடி வரை நான்கு வழிச் சாலை. அப்புறம் ராமநாதபுரம், உச்சிப்புளி, மண்டபம், பாம்பன் என்று ராமேஸ்வரம் வரைக்கும் எதிரும் புதிருமாக இரண்டே வழி. முன்னால் மீன் லாரி, அதற்கு முன்னால் யாத்திரை பஸ், அதற்கும் முன்னால் வேகமும் எடுக்காமல் ஒதுங்கவும் செய்யாமல் ஒரு டூரிஸ்ட் வேன். நாலு பேரை ஏற்றிக்கொண்டு ஏசியைப் போட்டபடி ஓவர்டேக் பண்ண ஏறினால் ஒரு லிட்டர் இன்ஜின் ஒரு நொடி யோசிக்கும். அந்த ஒரு நொடியில்தான் எதிரே வண்டி வரும்.

வெயில் காலத்தில் இன்னும் மோசம். இன்ஜினுக்குள் போகிற காற்றை டர்போ அழுத்தும்போதே அது சூடாகிவிடும். அந்தச் சூட்டை இன்டர்கூலர் தணிக்க வேண்டும். வெளிக்காற்றே கொதிக்கும்போது அது எதை வைத்துத் தணிக்கும்? சூடான காற்று உள்ளே போனால் கலவை தாறுமாறாகப் பற்றி இன்ஜினில் நாக்கிங் வரும் என்பதால், இன்ஜினை ஆளுகிற கம்ப்யூட்டரான ஈசியூ ஸ்பார்க் வருகிற நேரத்தைப் பின்னுக்கு இழுத்துவிடும், திறன் குறையும். ஷோரூமில் கொடுத்த தாளில் 120 குதிரைத்திறன் என்று போட்டிருக்கிறான். மே மாத மத்தியானம் மண்டபம் ரோட்டில் அந்த 120 கிடைக்காது.

இதற்கு என்ன செய்யலாம் என்று விசாரிக்கப் போனால் இரண்டு பக்கமும் பொய்.

ஒரு பக்கம் ஈசியூவின் சாஃப்ட்வேரை மாற்றி ரீமேப் போடுகிறவர். "அண்ணே, 120-ஐ 150 ஆக்கித் தர்றேன். சர்வீஸ் விடுறதுக்கு முன்னாடி ஒரு போன் போடுங்க, பழைய ஃபைலையே திருப்பி ஏத்திர்றேன். ஒருத்தனுக்கும் தெரியாது." இதை நம்பி எத்தனை பேர் காசைக் கொடுத்துவிட்டு நிற்கிறார்கள்! எத்தனை முறை சாஃப்ட்வேர் ஏற்றப்பட்டது என்பதைப் பல ஈசியூக்கள் எண்ணி வைத்துக்கொள்கின்றன. பழைய ஃபைலைத் திருப்பி ஏற்றுவதும் அந்தக் கணக்கில் இன்னொரு முறையாகச் சேரும். ஃபோக்ஸ்வாகன், ஆடி வண்டிகளில் மாற்றம் கண்டுபிடிக்கப்பட்டால் கம்பெனியின் கம்ப்யூட்டரில் டிடி1 என்று ஒரு குறி விழும். விழுந்துவிட்டால் இன்ஜின், கியர்பாக்ஸ் வாரண்டியை மறந்துவிட வேண்டியதுதான். இதையெல்லாம் தெரிந்துகொண்டே "ஒருத்தனுக்கும் தெரியாது" என்று சொல்கிற வாயை என்ன செய்வது?

இன்னொருவர் டியூனிங் பாக்ஸ் விற்கிறார். டர்போ தருகிற காற்றழுத்தத்தை, அதாவது பூஸ்ட்டை, அளக்கிற சென்சாருக்கும் ஈசியூவுக்கும் நடுவில் அது உட்கார்ந்துகொண்டு, இருக்கிற அழுத்தத்தைக் குறைத்துச் சொல்லும். ஈசியூ ஏமாந்து இன்னும் கொஞ்சம் பூஸ்ட் கொடுக்கும். "கழற்றினால் தடயமே இருக்காது" என்பது இவருடைய வாக்குறுதி. பாக்ஸைக் கழற்றலாம், பிஸ்டனில் விழுந்த அடியைக் கழற்ற முடியுமா? டைரக்ட் இன்ஜெக்‌ஷன் உள்ள சின்ன டர்போ இன்ஜின்களில், குறைந்த ஆர்பிஎம்மில் அதிக பூஸ்ட் கொடுத்தால் ஸ்பார்க் வருவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்கிற ஆபத்து உண்டு. பிஸ்டனே உடைந்துபோகும். 2020-இல் வந்த ஏபிஐ எஸ்பி என்ற இன்ஜின் ஆயில் தரத்தில் அதைத் தடுப்பதற்கென்றே ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். கியர்பாக்ஸ் கதை வேறு. ஃபோக்ஸ்வாகன் குழும வண்டிகளில் வருகிற ஏழு கியர் டிரை கிளட்ச் பெட்டி 250 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை வரைக்கும் தாங்கும்படி செய்தது. ஒன்றரை லிட்டர் இன்ஜினில் கம்பெனியே அந்த 250-ஐத் தொட்டுவிட்டது. அதற்கு மேல் ரீமேப் போட்டுக் கொடுக்கிறவர் கிளட்ச் போனால் பணம் தருவாரா?

அதனால் ரீமேப் வேண்டாம், பாக்ஸ் வேண்டாம், பெரிய இன்டர்கூலரும் வேண்டாம் என்று முடிவு செய்தேன். பம்பரைக் கழற்றிப் பைப்பை மாற்றிச் செய்கிற வேலைக்குக் கம்பெனி முகம் சுளித்தால் அதில் நியாயம் இருக்கிறது. அதே சைஸில் நல்ல டயர். பிரேக்குக்கு நல்ல பேட். கடலோரக் காற்றின் ஈரத்தை பிரேக் ஆயில் உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் அதையும் காலம் தவறாமல் மாற்றுவது. அதோடு ஒரே ஒரு ஏர் ஃபில்டர். அதுவும் கூம்பு மாதிரி வெளியே நிற்கிற வகை இல்லை. தனுஷ்கோடி ரோட்டில் இரண்டு பக்கமும் மணல் பறக்கிற காற்றில் அதை மாட்டுகிறவனுக்கு வண்டி மேல் அக்கறை இல்லை என்று அர்த்தம். டர்போவின் கம்ப்ரசர் வீல் நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிற சாமான். பொடி மணல் பட்டால்கூட அதன் விளிம்பு தேய்ந்துபோகும். நான் போட்டது கம்பெனிப் பெட்டிக்குள்ளேயே கம்பெனி ஃபில்டர் இருந்த இடத்தில் உட்காருகிற வகை. உள்ளே போகிற காற்றை அளக்கிற சென்சாரில் எண்ணெய் படியக் கூடாது என்று எண்ணெய் பூசாததாகத் தேடி வாங்கினேன்.

மாட்டுவதற்கு முன்னால் கேட்டும் பார்த்தேன். எந்தெந்தப் பாகத்தை மாற்றினால் எந்தெந்த வாரண்டி போகும் என்று கம்பெனிக்கு மெயில் அனுப்பினேன். "எங்கள் ஜெனுயின் பாகங்களையே பயன்படுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம்" என்று ஒரு வரி பதில் வந்தது. நான் கேட்ட கேள்விக்கு அதில் விடை எங்கே இருக்கிறது? திரும்பக் கேட்டேன். அதற்குப் பதிலே இல்லை.

இப்போது கண்டென்சர் போய்விட்டது. அனல் காற்றுதான் வந்தது, பின் சீட்டில் அம்மா. சரி, வாரண்டி இன்னும் பாக்கி இருக்கிறதே என்று வண்டியைக் கொண்டுபோய் விட்டேன்.

டெக்னீஷியன் நல்ல பையன். முன் கிரில்லைக் கழற்றி, புற ஊதா லைட்டை அடித்துக் காட்டினான். கண்டென்சரின் கீழ் மூலையில் மஞ்சள் பச்சையாகக் கசிவு மின்னியது. அந்த இடத்தில் அலுமினியத் தகடுகளை நகத்தால் தொட்டால் வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. உப்புக் காற்று தின்றிருக்கிறது. கடலோரத்தில் விற்கிற வண்டியின் முன்பக்கம் உப்பைத் தாங்க வேண்டும், இரண்டு வருடத்துக்குள் உதிர்ந்தால் அது பாகத்தின் குறை. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவனுக்கும் இல்லை. "வாரண்டியில போயிரும் சார்" என்று அவனே சொன்னான்.

அப்புறம்தான் சர்வீஸ் அட்வைசர் வந்தார். கண்டென்சரை அவர் பார்க்கவே இல்லை. நேரே பானெட்டுக்குப் போய், ஏர் பாக்ஸின் கிளிப்பை எடுத்து, ஃபில்டரை வெளியே இழுத்து, போனில் போட்டோ எடுத்தார்.

"சார், வண்டில மாடிஃபிகேஷன் இருக்கு. வாரண்டி வராது."

"தம்பி, லீக் ஆகறது ஏசி. இது இன்ஜினுக்குக் காத்து போற ஃபில்டர்."

"ஆமா சார். ஆனா எல்லாம் ஒரே சிஸ்டம்தான சார்."

"எது ஒரே சிஸ்டம்? ஏசி கேஸ் ஓடறது தனி பைப். அது மூடின சுத்து. இந்த ஃபில்டர் வழியா போற காத்துக்கும் அதுக்கும் எங்க தொடர்பு?"

கொஞ்சம் யோசித்தார். யோசித்துவிட்டுச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. "இன்டேக் மாறினா இன்ஜின் லோடு மாறும் சார். லோடு மாறினா கம்ப்ரசர் ப்ரெஷர் மாறும். ப்ரெஷர் மாறினா கண்டென்சர் லீக் ஆகத்தான் சார் செய்யும்."

ஏசி கம்ப்ரசர் இன்ஜின் பெல்ட்டில் ஓடுகிறது. இன்ஜின் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதற்கேற்ற வேகத்தில்தான் அது சுற்றும். அழுத்தம் எல்லை மீறினால் ப்ரெஷர் சென்சார் பார்த்துக் கம்ப்ரசரை நிறுத்திவிடும். அதற்காகவே அந்த சென்சாரை வைத்திருக்கிறார்கள். இவ்வளவையும் பொறுமையாகச் சொன்னேன். அவர் சொன்ன ஒரே பதில்: "மேல இருந்து அப்படித்தான் சார் சொல்லிருக்காங்க."

"சரி தம்பி. இப்ப சொன்னதை அப்படியே எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் வச்சுக் குடுங்க."

அங்கே நின்றுவிட்டது பேச்சு. எழுதித் தர மாட்டாராம். மேனேஜரைக் கேட்க வேண்டுமாம். மேனேஜர் மீட்டிங்கில் இருந்தார். சாப்பிடப் போயிருந்தார். அப்புறம் மதுரைக்குக் கிளம்பிவிட்டார். கடைசியில் ஜாப் கார்டில் எழுதியது ஒரு வரி: வாடிக்கையாளர் வண்டியில் மாற்றம் செய்துள்ளார். எந்தப் பாகம், எந்த மாற்றம், அதனால் எது கெட்டது? ஒன்றும் இல்லை. அந்த ஒரு வரி இனி எந்தப் புகாருக்குப் போனாலும் என் வண்டியின் மேல் நிற்கும். நாளைக்குக் கதவுக் கண்ணாடி இறங்காவிட்டாலும் அதைக் காட்டுவார்கள்.

இதே கட்டடத்தின் முன்பக்கம்தான் ஷோரூம். வண்டி எடுத்த அன்றைக்கு இவர்களே சீட் கவர் போட்டார்கள், கால் வைக்கிற இடத்தில் கலர் லைட் போட்டார்கள். கம்பெனி வயரை அறுத்து, தோலை உரித்து, டேப் சுற்றி இணைத்ததை நான் கண்ணால் பார்த்தேன். அது மாற்றம் இல்லையா? பில் அவர்கள் பெயரில் இருந்தால் வயரை வெட்டலாம், கடையில் வாங்கிய ஃபில்டரைப் பெட்டிக்குள் வைத்தால் மட்டும் குற்றமா?

சட்டம் தெரியாமல் பேசவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு என்ன சொல்கிறது, ஆர்சி புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது என்பதெல்லாம் தெரியும். ஃபில்டர் எந்த ஆர்சியில் இருக்கிறது? 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. உதிரிப் பாகங்களை வெளிச்சந்தைக்கு விடாமல் வைத்திருந்ததுதான் குற்றச்சாட்டு. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. அந்த உத்தரவில் வாரண்டியைப் பற்றியும் ஒரு வரி உண்டு: வெளியில் பழுது பார்த்தார் என்பதற்காக மொத்த வாரண்டியையும் ரத்து செய்கிற நிபந்தனை கூடாது, வெளி வேலையால் சேதம் வந்த அளவுக்கு மட்டுமே மறுக்கலாம். அது ரிப்பேரைப் பற்றிய பேச்சு, நான் கேட்பது பாகத்தைப் பற்றி. ஆனால் நியாயம் ஒன்றுதானே? அமெரிக்காவில் 1975-லேயே மேக்னசன்-மாஸ் என்று ஒரு சட்டம் போட்டு, எங்கள் பிராண்ட் பாகத்தைத்தான் வாங்க வேண்டும் என்று வாரண்டியில் கட்டிப்போடுவதைத் தடுத்துவிட்டார்கள்.

நான் சலுகை கேட்கவில்லை. இந்த ஃபில்டரால் டர்போ வீல் தேய்ந்தது என்று காட்டுங்கள், என் காசில் மாற்றிக்கொள்கிறேன். ரீமேப் போட்டவனுக்கு கியர்பாக்ஸ் வாரண்டி தராதீர்கள், அவனுக்காக நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். ஆனால் எதை மாற்றினால் எது போகும் என்று பாகம் பாகமாக எழுதி, வண்டி விற்கும்போதே கையில் கொடுங்கள். பதினைந்து லட்சம் வாங்கத் தெரிகிறது, ஒரு தாள் கொடுக்க முடியாதா? அந்தத் தாள் இருந்தால் ரீமேப்காரனின் பொய்யும் எடுபடாது, அட்வைசர் வாய்க்கு வந்ததைச் சொல்லவும் முடியாது. அதனால்தான் தர மாட்டேன் என்கிறார்கள் என்று நான் சத்தியமாக நம்புகிறேன். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகத்தான் போகிறேன். 2019 சட்டப்படி நான் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், அவர்களுடைய தலைமை அலுவலகம் இருக்கிற ஊருக்கு அலைய வேண்டியதில்லை.

இவ்வளவுக்கும் மேலே, வண்டியைத் திருப்பித் தரும்போது "கம்ப்ளிமென்டரி வாஷ் பண்ணிருக்கோம் சார்" என்றார்கள். போர் தண்ணீரில் கழுவியிருக்கிறார்கள்! கருப்பு வண்டி, பானெட் முழுக்க வெள்ளை வெள்ளையாக உப்புத் திட்டு. கண்ணாடியில் வைப்பர் போட்டால் கரகரவென்று இழுக்கிறது. குடிக்கிற தண்ணீரைக் குடக்கணக்கில் காசு கொடுத்து வாங்குகிற ஊர் இது. போர் தண்ணீரை வாயில் வைக்க முடியாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உப்பு தின்ற கண்டென்சருக்கு வாரண்டி இல்லை என்றவர்கள், அதே வண்டியின் மேல் உப்புத் தண்ணீரைப் பீய்ச்சி வெயிலில் காய வைத்திருக்கிறார்கள். கேட்டால், "நாளைக்கு கம்பெனில இருந்து ஃபீட்பேக் கால் வரும் சார், பத்துக்குப் பத்து குடுத்துருங்க, ஒன்பது குடுத்தாக்கூட எங்களுக்கு இன்சென்டிவ் போயிரும்" என்கிறார் அந்த அட்வைசர். போன் வரட்டும். கண்டென்சரில் ஆரம்பித்து இந்த உப்புத் திட்டு வரைக்கும் சொல்லி முடிக்காமல் நான் வைக்கப் போவதில்லை.