தகுதிதான் அளவுகோல் என்றால்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் (நம் கால்பந்து அல்ல, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) தகுதி பார்த்துத்தான் தலைமைப் பயிற்சியாளரை எடுக்கிறார்கள் என்று ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 2008-இல் ஆபர்ன் பல்கலைக்கழகம் புதிய தலைமைப் பயிற்சியாளரைத் தேடியபோது நடந்ததைப் பாருங்கள். கறுப்பினத்தவரான டர்னர் கில், எப்போதும் தோற்றுக்கொண்டிருந்த பஃபலோ பல்கலைக்கழக அணியை அந்த ஆண்டுதான் மிட்-அமெரிக்கன் என்ற பல்கலைக்கழக அணிகளின் போட்டிப் பிரிவில் சாம்பியனாக்கியிருந்தார். ஆபர்ன் அவரை நேர்காணலும் செய்தது. வேலை கிடைத்ததோ அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளராக 5 வெற்றி, 19 தோல்வி கண்ட வெள்ளையரான ஜீன் சிசிக்குக்கு. சரி, சிசிக் 2010 பருவத்தில் ஆபர்னுக்குத் தேசியப் பட்டம் வென்று தந்தார், மறுக்கவில்லை. ஆனால் 19 தோல்விகளோடு வரும் ஒரு கறுப்பினப் பயிற்சியாளரை அப்படி நம்பி எடுப்பார்களா? ஆபர்ன் விளையாடும் எஸ்.இ.சி. எனப்படும் தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களின் பிரிவில் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் சில்வெஸ்டர் க்ரூம். மிசிசிப்பி ஸ்டேட் பல்கலைக்கழகம் அவரை நியமித்ததே 2003 டிசம்பரில்தான். களத்தில் அடிபட்டு ஆடும் கறுப்பினப் பிள்ளைகளை நினைத்தால் மனசு ஆறவில்லை.