ஏஎச்சிஐக்கு மாற்ற விண்டோஸை அழிக்க வேண்டியதில்லை

பழைய டெஸ்க்டாப்பில் விண்டோஸ் 7 ஓடும்போது பயாஸில் (விண்டோஸ் ஏறும் முன் வரும் அமைப்புத் திரை) சாட்டா முறையை, அதாவது கணினி ஹார்ட் டிஸ்க்கோடு பேசும் முறையை, பழைய ஐடிஇ-யிலிருந்து புதிய ஏஎச்சிஐ-க்கு மாற்றினால் விண்டோஸைப் புதிதாகப் போட்டே ஆக வேண்டும் என்று மேலே இரண்டு மூன்று பேர் சொல்லியிருக்கிறீர்கள். அப்படியில்லைங்க. மாற்றியதும் விண்டோஸ் ஏறாமல் நீலநிறப் பிழைத்திரை வருவது உண்மைதான், ஆனால் காரணம் டிரைவர் (வன்பொருளை இயக்க விண்டோஸுக்கு உதவும் மென்பொருள்) இல்லாதது அல்ல. ஐடிஇ முறையில் நிறுவும்போது விண்டோஸ் தன்னிடம் இருக்கும் ஏஎச்சிஐ டிரைவரைத் தூங்கவைத்துவிடுகிறது, அவ்வளவுதான். பழைய விண்டோஸ் எக்ஸ்பியில் அந்த டிரைவரே கூட வராது, நிறுவும்போது எஃப்6 அழுத்தி ஃபிளாப்பியில் கொடுத்த காலம் அது, இந்தப் பேச்சு அங்கிருந்து வந்திருக்கலாம்.

நீங்களே பார்க்கலாம். முதலில் பேக்கப். அப்புறம் பயாஸைத் தொடும் முன்பே ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் (விண்டோஸின் உள் அமைப்புகளைத் திருத்தும் கருவி) கரண்ட்கன்ட்ரோல்செட்டின் சர்வீசஸ் பகுதிக்குள் 'எம்எஸ்ஏஎச்சிஐ' என்பதைத் திறங்கள், அதுதான் அந்த டிரைவர், 'ஸ்டார்ட்' மதிப்பு பெரும்பாலும் 3 என்று இருக்கும். கணினி ஏறும்போதே டிரைவர் விழித்துக்கொள்ள அதை 0 ஆக்கி, கணினியை அணைத்து, பயாஸில் ஏஎச்சிஐ-க்கு மாற்றி ஏற்றுங்கள். டிவைஸ் மேனேஜரில் ஏஎச்சிஐ கன்ட்ரோலர் என்று காட்டும். ஒருவேளை ஏறாவிட்டாலும் பயாஸில் திரும்ப ஐடிஇ வைத்தால் பழையபடி ஏறிவிடும்.