வரி போடுங்கள், ஆனால் யாருக்கு என்று பாருங்கள்

பிரிட்டனில் 2025 ஜனவரி 1 முதல் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 20 சதவீத வரி போட்டு, அந்தப் பணத்தில் அரசுப் பள்ளிகளுக்கு 6,500 ஆசிரியர்களை எடுப்போம் என்கிறார்கள், நம் ஊரிலும் அப்படிச் செய்யலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் அங்கே தனியார் பள்ளியில் படிப்பது நூற்றுக்கு ஏழு பிள்ளைகள் அளவுதான், பெரும்பாலும் வசதியான வீட்டுப் பிள்ளைகள். எங்கள் முக்கூடல் பக்கம் வந்து பாருங்கள், பீடி சுற்றுகிற அம்மா மகளிர் குழுவில் கடன் வாங்கி, பத்தாததுக்குக் கம்மலையும் அடகு வைத்து, பிள்ளையை இங்கிலீஷ் மீடியத்தில் சேர்க்கிறாள். பள்ளிக்கூடம் அந்த வரியைத் தன் கையிலிருந்தா கட்டும்? ஜூன் மாத ரசீதில் ஏற்றிவிடும்.

சரி, அந்த அம்மா ஏன் அரசுப் பள்ளிக்கு வரவில்லை? என் மகள் அரசுப் பள்ளியில்தான் எட்டாவது படிக்கிறாள். கணக்கு டீச்சர் மாறுதலில் போய் ஐந்து மாசம் ஆள் வரவில்லை, கடைசியில் பெற்றோர்கள் நாங்களே காசு போட்டு பி.எட். முடித்த ஒரு பெண்ணை வைத்தோம்.

அப்புறம் கல்வி செஸ், அதாவது கல்விக்கென்று மத்திய அரசு தன் வரியின் மேல் போடுகிற கூடுதல் வரி. 2004-ல் 2 சதவீதமாக வந்தது, 2018-ல் சுகாதாரத்தையும் சேர்த்து 4 சதவீதம். வரி வருமானத்தில் பங்கு தருவதுபோல செஸ்ஸை மாநிலங்களுக்குப் பிரித்துத் தர வேண்டியதில்லை. புது வரியும் அந்த வழியில் போகக் கூடாது. வருஷத்துக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் வாங்குகிற பள்ளிகளுக்கு மட்டும் போடுங்கள், வருகிற பணத்தில் முதலில் அந்தந்த மாவட்டத்துக் காலிப் பணியிடங்களை நிரப்புங்கள்.