சூரியனை மட்டும் வைத்து எழுதப்பட்ட வரையறை

புளூட்டோவின் கோள் பதவி பறிபோனதற்காக இன்றும் வருந்துவோர் இருக்கிறார்கள். அந்த வருத்தத்தில் எனக்குப் பங்கில்லை. 2006 ஆகஸ்ட் 24 அன்று பிராகா நகரில் பன்னாட்டு வானியல் ஒன்றியம் நிறைவேற்றிய, கோள் எது என்ற வரையறையில் நான் காணும் குறை வேறு. சூரியனைச் சுற்ற வேண்டும், தன் ஈர்ப்பால் உருண்டு திரண்டிருக்க வேண்டும், தன் பாதையின் சுற்றுப்புறத்தைத் துப்புரவாக்கியிருக்க வேண்டும் என்ற மூன்று நிபந்தனைகளில் முதலாவதே, பிற விண்மீன்களின் கோள்களான புறக்கோள்கள் அனைத்தையும் வாசலில் நிறுத்திவிடுகிறது. நம் சூரியக் குடும்பத்துக்கு மட்டும் என்று தெரிந்தேதான் அப்படி எழுதினார்கள். ஆனால் அத்தகைய கோள்கள் அதற்கு முன்பே நூற்றுக்கும் மேல் கண்டுபிடிக்கப்பட்டிருந்தன, இன்று 6,000-ஐத் தாண்டிவிட்டன.

அவற்றுள் முதலில் உறுதியானவையே விசித்திரமானவை. 1992இல் அலெக்சாண்டர் வோல்ஷ்சானும் டேல் ஃபிரெயிலும், நொடிக்கு ஏறத்தாழ 160 முறை சுழலும் ஒரு பல்சாரின் (வெடித்து மடிந்த விண்மீனின் சுழலும் மிச்சம்) ரேடியோ துடிப்புகள் ஓரிரு மில்லிநொடி முந்தியும் பிந்தியும் வந்துசேர்வதை அரெசிபோ தொலைநோக்கித் தரவுகளில் கண்டனர். 66 நாள், 98 நாள் கணக்கில் சுற்றும் இரண்டு கோள்கள் அந்தப் பல்சாரை இழுத்து அசைப்பதே காரணம். அத்தகைய மிச்சத்தைச் சுற்றிக் கோள்கள் இருக்கும் என்று எவர் எதிர்பார்த்தார்? மூன்றாண்டுகளில், வியாழனின் பாதி நிறையுள்ள ஒன்று நாலேகால் நாளில் தன் விண்மீனைச் சுற்றிவருவதும் தெரியவந்தது.

என்னை அதிகம் யோசிக்க வைப்பது 2எம்1207 என்ற இணை. 2004இல் சிலியிலுள்ள பெருந்தொலைநோக்கி எடுத்த அகச்சிவப்புப் படத்தில், மங்கலான ஒரு பழுப்புக் குறுமீனின் (விண்மீனாக எரியப் போதிய நிறை இல்லாத பொருள்) அருகே அதைவிட மங்கலான சிவந்த புள்ளி தெரிந்தது. நேரடியாகப் படம்பிடிக்கப்பட்ட முதல் புறக்கோள் என்று இதையே பலரும் குறிப்பிடுகிறார்கள். அதன் நிறை ஏறத்தாழ ஐந்து வியாழன். அது சுற்றும் குறுமீனின் நிறையோ 25 வியாழன்தான். ஒரு புறக்கோள், டியூட்டீரியம் (கனமான ஹைட்ரஜன்) எரியத் தொடங்கும் 13 வியாழன் நிறைக்குக் கீழே இருப்பதோடு, மைய உடலின் நிறையில் 25இல் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்று 2018இல் ஒன்றியத்தின் புறக்கோள் குழு, புறக்கோள்களுக்கென வைத்திருந்த தன் செயல்வரையறையைத் திருத்தியது. ஐந்தில் ஒரு பங்காக நிற்கும் இந்தப் புள்ளி முதல் நிபந்தனையில் தேறி இரண்டாவதில் தோற்கிறது. ஆயினும் புறக்கோள் பட்டியல்களில் இன்னும் இருக்கிறது!

ஒரு விண்மீனைச் சுற்றிய வாயுத் தட்டில் திரண்டதா, விண்மீனைப் போல வாயு முகில் சரிந்து உருவானதா என்று பிறப்பைக் கேட்டுப் பெயரிடலாம் என்பார்கள். கேள்வி நியாயமானது, ஆனால் பெரும்பாலானவற்றுக்கு அதைச் சோதிக்க வழியில்லை. நிறையை அளக்கலாம், அதுவும் படத்தில் மட்டும் தெரிபவற்றுக்கு ஒளியையும் வயதையும் கொண்டு செய்யும் மதிப்பீடுதான். எனவே 2024இல் ஜான்-லுக் மார்கோ குழுவினர், உருண்டை வடிவ நிபந்தனையைக் கைவிட்டு, 10-இன் 23ஆம் அடுக்குக் கிலோகிராமைக் கீழெல்லையாகவும் 13 வியாழனை மேலெல்லையாகவும் முன்மொழிந்ததை வரவேற்கிறேன். பல ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள ஒன்றின் வடிவத்தை யார் பார்க்கப்போகிறார்கள்?

அதிலும் ஒன்றை நான் ஏற்கவில்லை. ஏதேனும் ஒரு விண்மீனையோ குறுமீனையோ விண்மீன் எச்சத்தையோ சுற்றியே தீர வேண்டும் என்கிறது அம்முன்மொழிவு. இடையே வரும் பொருளின் ஈர்ப்பு பின்னாலுள்ள விண்மீனின் ஒளியைக் குவித்துக் காட்டும் ஈர்ப்பு வில்லை முறையில், விண்மீன் துணை எதுவும் அருகில் தென்படாத, பூமியின் நிறையை ஒத்த பொருள்கள்கூடச் சிக்கத் தொடங்கிவிட்டன. குடும்பத்திலிருந்து தூக்கியெறியப்பட்ட அன்றே ஒரு கோள் கோளல்லாமல் போகிறது என்பதை என்னால் ஒப்புக்கொள்ள இயலவில்லை.